பக்கத்துக் கடையின் மூன்று நட்சத்திரம்

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2020 ஏப்ரலில். நாடு முழுவதும் ஊரடங்கு. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே ஓடும் பேருந்துகள் நின்றிருந்தன. இறங்கி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு ஏறப் பயணிகள் இல்லை. பெயர் கிடைத்த வேளையில் கடைத்தெரு அடைத்துக் கிடந்தது. அந்த மாதங்களில்தான் தமிழகத்தின் சிறு வணிகர்கள் பலர் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கவும், யுபிஐ வழியே பணம் வாங்கவும், கூரியரில் பார்சல் போடவும் பழகினார்கள். ஊருக்கு ஒரு பொதுப் பெயரும் கடைக்கு ஒரு கைப்பேசி வாசலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன.

முன்பு தெருவில் நான்கு கடை தள்ளி இருந்த போட்டியாளர், இப்போது வாடிக்கையாளரின் திரையில் அரை அங்குலம் தள்ளி இருக்கிறார். சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து தேடுபவருக்கு எல்லாக் கடையும் ஒரே ஊர், ஒரே பண்டம், ஏறக்குறைய ஒரே படம். இந்த நெரிசலில் ஒரு சிறு வணிகர் என்ன செய்வது என்று யாரைக் கேட்டாலும் முதலில் வரும் அறிவுரை, ‘போட்டியாளர்களை ஆய்வு செய்யுங்கள்’ என்பது. சொல்வது எளிது. எதை ஆய்வு செய்வது, எங்கே நிறுத்துவது, அறிந்ததை வைத்து என்ன செய்வது என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் மணப்பாறை முறுக்குக்கும் இதே கேள்விதான்.

பழைய தலைமுறை வணிகர்கள் பலருக்கு இந்த யோசனையே பிடிப்பதில்லை. நம் சரக்கு சுத்தமாக இருந்தால் ஆள் தானாக வரும். அடுத்தவர் கல்லாவை எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை என்பது அவர்கள் வாதம். இதைப் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. அடுத்தவரையே பார்த்துக்கொண்டிருப்பவர் மெல்ல அடுத்தவரைப் போலவே ஆகிவிடுகிறார். ஒருவர் மர மேசையில் வாழை இலை விரித்துப் படம் எடுத்தால், அடுத்த மாதம் எல்லாருடைய மிட்டாயும் வாழை இலையில் கிடக்கிறது. தவிரவும், நேரம் என்று ஒன்று இருக்கிறது. விடியற்காலையில் கடலை வறுக்கத் தொடங்கி, இரவு பார்சல் கட்டி முடிக்கும் குடும்பத்துக்கு, ஊரில் உள்ள எல்லா இன்ஸ்டாகிராம் பக்கங்களையும் அலசிக்கொண்டிருக்க முடியாது.

இளைய தலைமுறை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வாடிக்கையாளர் ஏற்கெனவே ஒப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார். நாம் பார்க்காமல் இருந்தால் நமக்கு மட்டும்தான் தெரியாமல் போகும். அடுத்த கடை கூரியர் கட்டணம் வாங்குவதில்லை என்பதை வாடிக்கையாளர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்வதில் என்ன பெருமை? வால்மார்ட்டை நிறுவிய சாம் வால்டன், போட்டிக் கடைகளுக்குள் நுழைந்து விலையும் அடுக்கும் விதமும் குறித்துக்கொண்டு வருவதை வாழ்நாள் வழக்கமாகவே வைத்திருந்தார். 1992இல் வந்த தன் வரலாற்று நூலில் அதை மறைக்கவும் இல்லை. நம் ஊர்க் கடைத்தெருவிலும் காலையில் பையனை அனுப்பி எதிர்க் கடை விலையைக் கேட்டுவரச் சொல்லாத மொத்த வியாபாரி எத்தனை பேர்?

இரு தரப்பும் பேசுவது உண்மையில் ஒரே பழக்கத்தின் இரண்டு வடிவங்களைப் பற்றி. போட்டியாளரைப் பார்த்து அவரைப் போலச் செய்வது ஒன்று. போட்டியாளரின் வாடிக்கையாளருக்கு எது குறை என்று தெரிந்துகொள்வது மற்றொன்று. பெரியவர்கள் அஞ்சுவது முதலாவதை. இளையவர்கள் உண்மையில் செய்ய வேண்டியது இரண்டாவதை. அதற்குக் கூலிக்கு ஆள் வைக்க வேண்டியதில்லை, கட்டண மென்பொருளும் தேவையில்லை.

கூகுள் மேப்பில் ஒரு கடையைத் திறந்தால் ரிவ்யூக்கள் வரிசையாக இருக்கும். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களில் உறவினரும் நண்பரும் கலந்திருக்கலாம். ஒற்றை நட்சத்திரக்காரர் கோபத்தில் எழுதியிருப்பார். சில சமயம் கடை பூட்டியிருந்ததற்கே ஒற்றை நட்சத்திரம் விழும். கவனித்துப் படிக்க வேண்டியது இடையில் இருக்கும் மூன்று நட்சத்திரத்தை. ‘ருசி நன்றாக இருந்தது, ஆனால்’ என்று எழுதுகிறவர் அவர்தான். அந்த ‘ஆனால்’ எங்கே போகிறது என்று பாருங்கள். கடலை மிட்டாய் என்றால் அது பெரும்பாலும் மூன்று இடங்களில் போய் நிற்கும்: வரும்போதே உடைந்து தூளாகிவிட்டது, நமத்துப்போய்ப் பல்லில் ஒட்டியது, சிக்கு வாடை அடித்தது. 

மூன்றுமே அடுப்படியிலும் பொட்டலத்திலும் சரிசெய்யக்கூடியவை. பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டெடுத்தால் டக்கென்று உடைய வேண்டும். பதம் ஒரு படி குறைந்தால் மிட்டாய் இளகும். பதம் சரியாகவே இருந்தாலும் வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் பொருள். கடையில் வாங்கி அன்றே தின்ற காலத்தில் சாதாரணப் பிளாஸ்டிக் தாள் போதும். நான்கு நாள் கூரியர் வண்டியில் கிடக்கும் பொட்டலத்துக்குப் போதாது. சிக்கு வாடை, கடலையின் எண்ணெய் காற்றுபட்டுக் கெடுவதால் வருவது. பழைய கடலையோ காற்றுப் புகும் பொட்டலமோ காரணமாக இருக்கலாம். பத்துக் கடைகளின் மூன்று நட்சத்திரங்களைப் படித்துவிட்டுத் தன் பொட்டலத்தை மாற்றிக்கொள்ளும் வணிகர் யாரையும் காப்பியடிக்கவில்லை. பத்துக் கடைகளின் வாடிக்கையாளர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். அதன் பிறகு விளம்பரத்தில் எழுதவும் அவருக்கு உண்மையான செய்தி ஒன்று கிடைத்துவிடுகிறது: ‘உடையாமல் வந்து சேரும்; உடைந்தால் மாற்றித் தருவோம்.’ வாழை இலைப் படத்தைவிட இது அதிகம் விற்கும் என்பது எங்கள் எண்ணம்.

விலையை ஒப்பிடுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு கடை 200 கிராம் பொட்டலம் போடும்; மற்றொன்று 180 கிராம் போடும்; ஒருவர் கூரியரைச் சேர்த்துச் சொல்வார், இன்னொருவர் கடைசித் திரையில் சேர்ப்பார். வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது 100 கிராம் என்ன விலை என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், மலிவு என்று நாம் அஞ்சிய கடை மலிவாகவே இல்லாமல் இருக்கலாம். 

போட்டியாளர் என்ன விளம்பரம் செய்கிறார் என்பதும் இன்று ரகசியமில்லை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமின் உரிமையாளரான மெட்டா, தன் விளம்பர நூலகத்தை எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறது. பக்கத்தின் பெயரைத் தட்டினால் இப்போது ஓடும் விளம்பரங்களும் அவை தொடங்கிய தேதியும் தெரியும். மூன்று மாதமாக ஒரே விளம்பரம் ஓடுகிறதென்றால் அது அவருக்குப் பலன் தருகிறது என்று ஊகிக்கலாம். கூகுளும் 2023இல் இதைப் போன்ற ஒரு வெளிப்படைத் தளத்தைத் தொடங்கியது. கூகுள் ட்ரெண்ட்ஸ், ஒரு சொல்லை எந்த மாநிலத்தில், எந்த மாதத்தில் அதிகம் தேடுகிறார்கள் என்று காட்டும். அது காட்டுவது உண்மையான எண்ணிக்கையை அல்ல, 0 முதல் 100 வரையான ஒப்பீட்டை மட்டுமே. இதை மறந்து, ‘100 பேர் தேடுகிறார்கள்’ என்று படித்துவிடக் கூடாது.

தேடுசொற்களைப் பார்க்கத் தொடங்கினால் போட்டியாளர் யார் என்பதே மாறிப்போகும். மும்பையில் ஒருவர் இந்தப் பண்டத்தைத் தேடும்போது ‘சிக்கி’ என்றுதான் தட்டுவார். அவர் முன் வந்து நிற்பது லோனாவாலா சிக்கி. உடற்பயிற்சி செய்யும் இளைஞர் புரதச்சத்து பார் தேடுகிறார். வறுகடலையும் வெல்லமும் அவர் கண்ணில் படுவதே இல்லை. அப்படியிருக்க, கோவில்பட்டிக்குள் ஒருவர் வாடிக்கையாளரை மற்றொருவர் இழுப்பதில் செலவாகும் சக்தி, அந்தப் பெரிய சந்தைக்குள் ஊரின் பெயரைக் கொண்டுபோவதில் செலவானால் எல்லாருக்கும் ஆதாயம்.

இன்னொரு கதையும் இங்கே பொருந்தும். 1970களின் இறுதியில் ஜப்பானிய நகல் இயந்திரங்கள், ஜெராக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்புச் செலவு அளவு விலையிலேயே அமெரிக்கச் சந்தையில் விற்கப்பட்டன. ஜெராக்ஸ் போட்டியாளர்களின் இயந்திரங்களைப் பிரித்து ஆராய்ந்தது. அத்தோடு நிற்கவில்லை. கிடங்கிலிருந்து சரக்கை விரைவாக எடுத்து அனுப்பும் முறையைக் கற்க, தபால் வழியே உடையும் காலணியும் விற்ற எல்.எல்.பீன் என்ற நிறுவனத்திடம் போனது. நகல் இயந்திரத்துக்கும் காலணிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பார்சல் கட்டுவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். மிட்டாய் உடையாமல் அனுப்பும் வித்தையை இன்னொரு மிட்டாய்க் கடையில் தேடுவதைவிட, கண்ணாடிப் புட்டியில் ஊறுகாய் அனுப்புகிறவரிடம் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும். அவர் போட்டியாளர் இல்லை என்பதால் மறைக்காமல் சொல்லவும் செய்வார்.

இனி, எங்கே நிறுத்துவது என்ற கேள்வி.

அடுத்தவர் எடுத்த படத்தை எடுத்துப் போட்டுக்கொள்வது இணையத்தில் சர்வசாதாரணம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படத்துக்கு உரிமை தானாகவே உண்டு. யாரும் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. பெரும்பாலோர் தெரியாமல்தான் செய்கிறார்கள், கேட்டால் நீக்கியும் விடுகிறார்கள். எனவே இதை வழக்குப் பேச்சாக ஆக்குவதைவிட ஒரு தொலைபேசி அழைப்பில் முடிப்பதே ஊருக்கு நல்லது.

போலி ரிவ்யூ வேறு வகை. இத்தனை ரூபாய்க்கு இத்தனை ஐந்து நட்சத்திரம் என்று விலை பேசி வருகிறவர்கள் இருக்கிறார்கள். எதிர்க் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போடவும் அதே ஆட்களிடம் விலை உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய ரிவ்யூக்களுக்கென ஐஎஸ் 19000 என்ற தரத்தை வெளியிட்டது. விருப்பத்தின் பேரில் பின்பற்றுவதாகவே அது தொடங்கியது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மறுமுறை 50 லட்சம் வரையிலும் தண்டம் விதிக்க இடமுண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். போலி ரிவ்யூ பெருகினால், மேலே சொன்ன மூன்று நட்சத்திரக் குரலும் நம்பகம் இழக்கும். எல்லாரும் இலவசமாக நீர் எடுக்கும் ஊருணியில் ஒருவர் சாக்கடையைத் திருப்பிவிடுவது போன்றது இது.

அதே எச்சரிக்கை இன்னொன்றுக்கும் பொருந்தும். ‘இன்னும் 2 பாக்கெட் மட்டுமே’, ‘சலுகை முடிய 9 நிமிடம்’ என்று போட்டியாளர் தளத்தில் ஓடுவதைப் பார்த்து நாமும் போட்டுக்கொள்ளத் தோன்றும். அது உண்மையாக இருந்தால் பிழையில்லை. பொய்யான அவசரம் காட்டுவது, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடைசெய்த 13 தந்திரங்களில் ஒன்று. போட்டியாளர் செய்கிறார் என்பதாலேயே ஒரு செயல் சரியாகிவிடாது. ஆய்வு என்ற பெயரில் அவர் பிழையையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டாம்.

ஓர் இடத்தில் மட்டும் தீர்ப்பு அவ்வளவு எளிதாக இல்லை. எதிர்க் கடையின் பெயரை யாராவது தேடினால் நம் விளம்பரம் வரும்படி கூகுளுக்குப் பணம் கட்டலாமா? மேக்மைட்ரிப் பெயரைப் புக்கிங்.காம் இப்படிப் பயன்படுத்திய வழக்கில், வாடிக்கையாளர் குழம்பாதவரை அது மட்டுமே வணிகச் சின்ன மீறல் ஆகாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2023 டிசம்பரில் கூறியது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. வாடிக்கையாளருக்கு மாற்று ஒன்று கண்ணில் படுவது நல்லதுதானே என்ற வாதத்தில் பொருள் உண்டு. ஆனால் ஒரே தெருவின் இரண்டு சிறு கடைகள் மாறி மாறி ஒருவர் பெயருக்கு மற்றவர் பணம் கட்டினால், கடைசியில் இருவர் லாபமும் கூகுளுக்குப் போகும். அப்படிக் கட்டுவதில்லை என்று சங்கத்தில் ஒப்பந்தமாக எழுதுவதும் சரிவராது. அமெரிக்காவில் கண் வில்லை விற்கும் நிறுவனம் ஒன்று போட்டியாளர்களுடன் அப்படிச் செய்துகொண்ட உடன்பாடு ஆண்டுக்கணக்கில் வழக்காயிற்று. ஒவ்வொருவரும் தம் கணக்கைப் பார்த்துத் தாமே எடுக்க வேண்டிய முடிவு இது. கணக்கைப் பார்த்தால் பெரும்பாலோர் வேண்டாம் என்றே முடிவெடுப்பார்கள் என்று நம்புகிறோம்.

விலைக் குறைப்புதான் ஊரையே பாதிப்பது. போட்டியாளர் விலையைப் பார்த்து ஐந்து ரூபாய் குறைப்பவர், அந்த ஐந்து ரூபாயை எங்கிருந்தோ எடுக்க வேண்டும். சொத்தைக் கடலை பொறுக்கும் பெண்களின் கூலியிலிருந்து எடுப்பார். அல்லது வெல்லத்தில் பாதியைச் சர்க்கரையாக்குவார். வாங்கியவருக்கு எந்தக் கடையின் மிட்டாய் என்பது நினைவிருக்காது. ‘கோவில்பட்டி மிட்டாய் முன்போல் இல்லை’ என்பதுதான் நினைவிருக்கும். புவிசார் குறியீட்டில் பெயர் தனியொருவரின் சொத்து அல்ல. அதனால்தான் இந்த ஆய்வும் முழுக்கத் தனிக் காரியமாக இருக்க வேண்டியதில்லை என்கிறோம்.

வணிகர் சங்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடி, பொதுவில் கிடைக்கும் ரிவ்யூக்களில் எந்தக் குறை அதிகம் வருகிறது என்று கடைப் பெயர் சொல்லாமல் பேசலாம். மொத்தமாக வாங்கினால் ஈரம் தடுக்கும் உறையின் விலை குறையும். கோவில்பட்டியில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. ரிவ்யூக்களைத் தொகுப்பது வணிகவியல் மாணவர்களுக்கு நல்ல பயிற்சி, சங்கத்துக்கு இலவச உதவி. மாணவர்கள் படித்துப் பிரித்துத் தந்தால் போதும். பெயர் விவரம் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது சங்கத்தின் பொறுப்பு. ஒரு விஷயத்தை மட்டும் அந்த மேசைக்குக் கொண்டுவரக் கூடாது: விற்பனை விலை. ஒரே தொழிலில் இருப்பவர்கள் கூடி விலை நிர்ணயிப்பதை 2002ஆம் ஆண்டு போட்டிச் சட்டம் தடுக்கிறது. சங்கத் தீர்மானமும் அதற்கு விலக்கல்ல. நல்லெண்ணத்தில் செய்தாலும் அதன் பாரம் வாங்குகிறவர் தலையில்தான் விழும்.

வாங்குகிறவர்களான நமக்கும் இதில் பங்குண்டு. கூரியர் வண்டி தாமதமானதற்குக் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போடும் பழக்கத்தை விடலாம். குறை இருந்தால் முதலில் கடைக்காரருக்கு ஒரு வாட்ஸ்அப் தகவல். அவர் சரிசெய்தால் அதையும் சேர்த்து எழுதலாம். என்ன வாங்கினோம், எந்த மாதம், எப்படி வந்து சேர்ந்தது என்று நான்கு வரி எழுதினால், அது அந்தக் கடைக்கு மட்டுமல்ல, ஊரில் உள்ள எல்லாக் கடைகளுக்கும் பாடம். உறைமேல் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணும் தயாரித்த தேதியும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குவதும், ஒழுங்காகத் தொழில் செய்கிறவருக்கு நாம் செய்யும் உதவிதான்.

இணைய விளம்பரம் செய்து தரும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள்: நட்சத்திரம் விற்காதீர்கள், பத்துக் கடைகளின் குறைகளைப் படித்துத் தொகுத்துத் தரும் வேலைக்கு நியாயமான கூலி கேளுங்கள், வணிகர்கள் கொடுப்பார்கள். பெரிய தளங்கள் தம் பங்குக்கு, போலி ரிவ்யூ பற்றிய சிறு வணிகரின் புகாரைத் தமிழிலேயே வாங்கி, ஒரு மனிதர் படித்துப் பதில் சொல்ல வழி செய்ய வேண்டும். வேறு ஊரில் செய்த மிட்டாயைக் கோவில்பட்டி என்று பெயரிட்டு விற்பவர்களைப் பற்றிய புகாருக்கும் அதே கவனம் தேவை. மாவட்டத் தொழில் மையம், இணைய வணிகப் பயிற்சிகளில் இந்தப் பாடத்தை அரை நாள் சேர்த்தால் செலவு அதிகமில்லை.

சங்கத்தின் முதல் கூட்டத்துக்கு நமத்துப்போகும் மிட்டாய் ஒன்றே பேசுபொருளாகப் போதும். உறையை மாற்றலாமா, எந்த கிராம் அளவு சரி, மழை மாதத்தில் எத்தனை நாள் தேதி போடுவது என்று பேசி முடிவெடுக்கலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். தீபாவளி ஆர்டரும் அப்போதுதான் குவியும். புது உறை அச்சாகி வரவும் நாள் பிடிக்கும். கூட்டத்தை ஆகஸ்டிலேயே வைத்துக்கொள்வது நல்லது.